டெர்வென்ட் கரையோரம் 88 கிலோமீட்டர்: கிராம்ஃபோர்டோடு நிறுத்திவிடாதீர்கள்

கேள்வி இதுதான்: மே மாதம் ஆறு நாள் கையில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆற்றங்கரையோரமாகவே நடக்க வேண்டும். கூட வரும் அப்பாவுக்கு 63 வயது, வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய ஏற்றம் ஆகாது. தேம்ஸ் பாதையில் ஒரு துண்டு நடக்கலாமா, டெர்வென்ட் பள்ளத்தாக்குப் பாதையை முழுக்க நடக்கலாமா?

டெர்வென்ட்தான். தேம்ஸ் பாதை கிட்டத்தட்ட 300 கி.மீ.; ஆறு நாளில் அதில் எந்தத் துண்டை வெட்டினாலும் தலையோ வாலோ இல்லாமல் போகும். டெர்வென்ட் பாதை மொத்தமே 55 மைல், அதாவது 88 கி.மீ. நாளுக்கு 15 கி.மீ. வீதம் நடந்தால் ஆறாவது நாள் மாலை ஆறு முடிகிற இடத்தில் நிற்கலாம். அதோடு உங்கள் அப்பா வகுப்பில் ‘தொழிற்புரட்சி’ என்று எத்தனையோ வருஷம் நடத்தியிருப்பார். அந்தப் பாடத்தின் பாதி இந்த ஆற்றங்கரையில் கல்லாகவும் செங்கல்லாகவும் நிற்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் டெர்வென்ட் என்ற பெயரில் நான்கு ஆறுகள் உண்டு. தங்குமிடம் தேடும்போது யார்க்‌ஷயரிலோ ஏரி மாவட்டத்திலோ அறை போட்டுவிடாதீர்கள். நமக்கு வேண்டியது டெர்பிஷயர் டெர்வென்ட். டெர்பி என்று நாம் எழுதுகிற ஊரை அங்கே ‘டார்பி’ என்றுதான் சொல்வார்கள், அதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

டெர்வென்ட் வேலி ஹெரிடேஜ் வே என்ற இந்தப் பாதை 2003-இல் திறக்கப்பட்டது. மேலே லேடிபவர் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, ஷார்ட்லோ ஊருக்குப் பக்கத்தில் ட்ரென்ட் ஆற்றில் கலக்கும் இடத்தில் முடிகிறது. நான் இரண்டு தடவை நடந்திருக்கிறேன். முதல் தடவை ‘மலையை நோக்கிப் போனால் போகப்போக அழகு கூடும்’ என்று கீழிருந்து மேலே போனேன். அழகு கூடியது, கதை தலைகீழாகிவிட்டது. நீங்கள் ஆறு போகிற போக்கிலேயே போங்கள். மேலே சும்மா ஓடுகிற தண்ணீர், கீழே வர வர ஒவ்வொரு ஊரிலும் எப்படி வேலைக்கு வைக்கப்பட்டது என்பது அப்போதுதான் வரிசையாகத் தெரியும்.

ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் பாசஞ்சரில் பாம்ஃபோர்டில் இறங்கினால் லேடிபவர் நடை தூரம்தான். டார்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர், ஷெஃபீல்டு நகரங்களின் குடிநீருக்காக இந்தப் பள்ளத்தாக்கில் கட்டிய மூன்று அணைகளில் இதுதான் கடைசி, பெரியது. 1935-இல் தொடங்கி, 1945 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைத்தார். ஆஷப்டன், டெர்வென்ட் என்ற இரண்டு கிராமங்கள் தண்ணீருக்கு அடியில் போயின. கல்லறைகளைத் தோண்டி எடுத்துப் பாம்ஃபோர்டில் மறுபடி புதைத்தார்கள். டெர்வென்ட் கிராமத்துத் தேவாலயக் கோபுரத்தை மட்டும் நினைவுக்காக விட்டு வைத்தார்கள். தண்ணீர் இறங்கும்போது ஆட்கள் நீந்திப் போய் ஏற ஆரம்பித்ததால் 1947-இல் அதையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றினால் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலை காட்டுகிறதே, அதே கதைதான். இங்கும் 2018, 2022 கோடைகளில் வீட்டுச் சுவர்களின் அடிப்பகுதி வெளியே தெரிந்தது. மேலே உள்ள டெர்வென்ட் அணையில்தான் 1943-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 617-ஆவது பிரிவு, ஜெர்மானிய அணைகளைத் தாக்குமுன் தாழப் பறந்து பழகியது. பார்க்க வேண்டுமென்றால் முந்தின நாளே வந்து தங்குங்கள். நடக்கிற நாளில் அதைச் சேர்த்தால் அப்பாவின் முழங்கால் உங்களைத் திட்டும்.

அடுத்த ஒன்றரை நாள் கண்ணுக்கு விருந்து: ஹேதர்சேஜ், கிரிண்டில்ஃபோர்டு, ஃப்ராகட், கால்வர். மேலே மலை விளிம்புகளில் யாரும் எடுத்துப்போகாமல் விட்ட திரிகைக் கற்கள் பாசி பிடித்துக் கிடக்கும். அந்தப் பாறைக்கே ‘மில்ஸ்டோன் கிரிட்’ என்றுதான் பெயர். ஹேதர்சேஜுக்கு அருகே ஆற்றைக் கடக்கக் கல் வரிசை ஒன்று உண்டு. படம் பிடிக்க நன்றாக இருக்கும். மழை பெய்திருந்தால் காலை வைக்காதீர்கள். பாஸ்லோவில் 1603-இல் கட்டிய பழைய பாலத்தின் ஓரம் ஒரு காவல் கூண்டு இருக்கிறது, குனிந்தால்கூட உள்ளே போவது கஷ்டம். பாலம் தாங்காத பாரத்தை யாரும் ஏற்றிப் போகாமல் பார்க்க ஊர்க்காரர்கள் முறை வைத்து அதில் உட்கார்ந்தார்களாம். நம் ஊர்ச் சுங்கச்சாவடிக்குக் கொள்ளுப்பாட்டன்.

சாட்ஸ்வொர்த் மாளிகை வழியில்தான் இருக்கிறது. பூங்காவுக்குள் பாதை போகிறது, நடக்கக் காசு இல்லை. உள்ளே போக நல்ல விலை, அரை நாளும் போகும். நான் போகவில்லை, வருத்தமும் இல்லை. எதிர்க்கரையில் நின்று பார்த்தாலே போதும். ஒன்று மட்டும் அப்பாவிடம் சொல்லுங்கள்: கண்ணுக்கு இயற்கையாகத் தெரிகிற அந்த ஆற்று வளைவும் புல்வெளிச் சரிவும் 18-ஆம் நூற்றாண்டில் ‘கேப்பபிலிட்டி’ பிரௌன் என்ற தோட்டக் கலைஞர் ஆளை வைத்துத் திருத்தியவை. அடுத்த நூற்றாண்டில் பிரபு எடன்சர் கிராமத்தையே பார்வையிலிருந்து தள்ளிக் கட்டினார். மாளிகை ஜன்னலுக்குக் கிராமம் இடைஞ்சல்!

ரோஸ்லி, டார்லி டேல், மேட்லாக். இதை வேகமாகத் தாண்டலாம். மேட்லாக் பாத் ஒரு வேடிக்கையான ஊர்: கடலே இல்லாத கடற்கரை ஊர். ஐஸ்கிரீம் கடை, பொம்மைக் கடை, சிப்ஸ் கடை வரிசையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நூற்றுக்கணக்கில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். அப்பா சைவம் என்றால் ஒன்று கவனியுங்கள். இந்தப் பக்கத்துக் கடைகள் பலவற்றில் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். ‘எந்த எண்ணெய்?’ என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இங்கிருந்து டார்பி வரை 24 கி.மீ. நீளமும் 2001 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். நான் டெர்வென்ட்தான் என்று அடித்துச் சொல்வது இந்தத் துண்டுக்காகத்தான்.

கிராம்ஃபோர்டு. ரிச்சர்ட் ஆர்க்ரைட் பிரெஸ்டன்காரர், சவரத் தொழில் செய்தவர், ஊர் ஊராகப் போய் முடி வாங்கி டோப்பா கட்டி விற்றவர். 1769-இல் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கி, 1771-இல் இங்கே வந்து தண்ணீர் விசையில் ஓடும் பஞ்சாலையைக் கட்டினார். இதைப் ‘பெரிய கண்டுபிடிப்பு’ என்று சொல்லிவிட்டுப் போனால் ஒன்றும் விளங்காது. தறி பார்த்தவர்களுக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டும்.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுவது பாவு. குறுக்கே நாடா ஓட்டுவது ஊடை. ஊடை நூல் கொஞ்சம் நோஞ்சானாக இருந்தாலும் ஓடிவிடும். பாவு இழுவை தாங்க வேண்டும். நம் பக்கத்துப் பெண்கள் கையால் நூற்ற பருத்தி நூல் பாவுக்கும் தாங்கியது. இங்கிலாந்தில் கையால் நூற்றது தாங்கவில்லை. பாவுக்கு லினன் நூலைப் போட்டு ஊடைக்கு மட்டும் பருத்தி போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிக்கும், கள்ளிக்கோட்டை பெயரைச் சுமந்த ‘காலிகோ’வுக்கும் அங்கே அவ்வளவு மவுசு. உள்ளூர்க் கம்பளி நெசவாளர்கள் கொதித்துப்போய், 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கே தடைச் சட்டம் வந்தது. ஆர்க்ரைட்டின் இயந்திரம் தந்தது அந்தப் பாவு நூலை. ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழலும் உருளைகளுக்கு நடுவே பஞ்சுத் திரியை இழுத்து மெலியவைத்து, பிறகு முறுக்கேற்றுவதுதான் அதன் வேலை. நூல் கிடைத்ததும் அவர் அடுத்து ஓடியது நாடாளுமன்றத்துக்கு. 1774-இல் சட்டம் மாறியது: பிரிட்டனில் நூற்று, பிரிட்டனில் நெய்த முழுப் பருத்தித் துணிக்கு அனுமதி. அது இந்தியத் துணி இல்லை என்று தெரிய, துணியின் கரையில் மூன்று நீல இழை ஓட வேண்டும். ஒரு புடவைக் கரையைப் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்கிற நமக்கு இந்த மூன்று நீல இழை போதும், எதற்குச் சட்டம், யாரை வெளியே வைக்கச் சட்டம் என்று புரிய.

என் தாத்தா விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தவர். பாபநாசத்தில் தாமிரபரணி விழுகிற வேகத்தை நம்பித்தான் ஹார்வி சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஆலை வைத்தார்கள். உருளை இழுக்கும், கதிர் முறுக்கும் என்று கையை உருட்டி உருட்டித் தாத்தா சொன்னது எனக்குக் கிராம்ஃபோர்டு முற்றத்தில் நின்றபோதுதான் முழுதாக விளங்கியது. அங்கே சங்கு, இங்கே மணி. காலை மணி அடித்துக் கதவு சாத்திவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரவிலும் ஓடியது. வேலைக்காரர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும். ஏழு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். சாலைப் பக்கச் சுவரைக் கவனியுங்கள். கீழ்த்தளத்தில் ஜன்னலே கிடையாது, கோட்டை மாதிரி இருக்கும். இயந்திரம் உடைக்கிற கூட்டத்துக்குப் பயம். உள்ளே ஓடிய பஞ்சில் பெரும்பங்கு அடிமைகளை வைத்து விளைவித்தது என்பதையும் அப்பாவுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்காது.

இன்னொரு விஷயம், இதைப் பலரும் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். டெர்வென்ட் எட்டிய தூரத்தில் ஓடுகிறது, ஆனால் முதல் ஆலை அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. பக்கத்துக் குன்றுகளில் ஈயச் சுரங்கங்கள். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை வடிக்க வெட்டிய சுரங்கக் கால்வாயை அங்கே ‘சஃப்’ என்பார்கள். அந்தச் சஃப் தண்ணீரையும் பான்சல் ஓடையையும் சேர்த்துத்தான் ஆர்க்ரைட் சக்கரத்தைச் சுழற்றினார். பூமிக்குள்ளிருந்து வருவதால் நடுக்குளிரிலும் அது உறையாது. சாலைக்கு மேலே தலைக்கு உயரத்தில் ஒரு வார்ப்பிரும்புத் தொட்டிப் பாலம் குறுக்கே போகும். அதில் போனது அந்தத் தண்ணீர்தான். ஆனால் அந்தச் சாமர்த்தியமே பிறகு காலை வாரியது. மேலும் ஆழத்தில் மீர்புரூக் சஃப் என்று இன்னொன்றை வெட்டினார்கள். தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. 1840-களில் கிராம்ஃபோர்டு சக்கரங்களுக்குத் தண்ணீர் இல்லை, நூற்பும் அதோடு படுத்தது. பிறகு சலவைக்கூடம், கடைசியில் பெயின்ட் நிறமி செய்யும் ஆலை. 1979-இல் ஆர்க்ரைட் பெயரில் உள்ள ஒரு சங்கம் வாங்கி, நஞ்சேறிக் கிடந்த கட்டடங்களைச் சுத்தம் செய்து, இன்றுவரை மராமத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அரை நாளாவது ஒதுக்குங்கள். நார்த் ஸ்ட்ரீட் என்ற தெருவுக்கும் போய்ப் பாருங்கள். 1776-இல் ஆலைத் தொழிலாளருக்காகக் கட்டிய மூன்று மாடி வரிசை வீடுகள். மேல்மாடியில் மட்டும் அகல ஜன்னல், ஏனென்றால் அங்கே ஆண்கள் தறி போட்டு உட்கார்ந்தார்கள். மனைவியும் பிள்ளையும் ஆலையில் நூற்றது, மாடியில் துணியாகும்.

இங்கேதான் பெரும்பாலானோர் ரயில் ஏறிவிடுகிறார்கள். வழிகாட்டிப் புத்தகங்களும் ‘கீழ்ப்பகுதி சுமார்’ என்று எழுதிவிடும். நம்பாதீர்கள்.

கிராம்ஃபோர்டிலிருந்து 1794-இல் திறந்த கால்வாயின் கரையோடு போவது மொத்தப் பாதையிலேயே இடுப்பு வலிக்காத பகுதி. சமதளம், நிழல், வாத்துக் குஞ்சுகள். லீவுட் பம்ப் ஹவுஸ் என்ற உயரமான புகைபோக்கிக் கட்டடத்தில் 1849-இல் வைத்த நீராவி இயந்திரம் ஆற்றிலிருந்து கால்வாய்க்குத் தண்ணீர் இறைத்தது. அதைத் தாண்டியதும் கால்வாய் ஒரு பாலத்தில் ஏறி டெர்வென்ட்டையே கடக்கிறது. ஆற்றுக்கு மேலே இன்னொரு நீர் போகிறது, நடுவில் நின்று இரண்டையும் பார்க்கலாம். இடப்பக்கம் மேட்டில் லீ என்ற ஊரில் 1784-இல் தொடங்கிய ஜான் ஸ்மெட்லி ஆலை இன்றும் பின்னலாடை செய்கிறது. அதற்குப் பக்கத்தில் லீ ஹர்ஸ்ட், ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் குடும்பத்துக் கோடை வீடு.

ஆம்பர்கேட் தாண்டி பெல்பர். கிராம்ஃபோர்டுக்கு ஆர்க்ரைட் என்றால் பெல்பருக்கு ஸ்ட்ரட் குடும்பம். ஜெடிடயா ஸ்ட்ரட் முதலில் ஆர்க்ரைட்டோடு கூட்டாளி, பிறகு தனியாக இங்கும் மில்ஃபோர்டிலும் ஆலை வைத்தார். 1786-இல் கட்டிய நார்த் மில் 1803-இல் எரிந்து போனது. பஞ்சுத்தூசு, எண்ணெய் ஊறிய மரத்தரை, விளக்கு. எரியாமல் என்ன செய்யும்? மகன் வில்லியம் ஸ்ட்ரட் 1804-இல் அதே இடத்தில் மரத்தை ஒதுக்கி வார்ப்பிரும்புத் தூண், இரும்பு உத்தரம், செங்கல் வளைவு என்று கட்டினார். பிறகு வந்த வானுயரக் கட்டடங்களுக்கு இதுவும் ஒரு முன்னோடி. பக்கத்தில் சாலைக்கு மேலே இரண்டு கட்டடங்களை இணைக்கும் வளைவு நடைபாலம் இருக்கிறது. அதன் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், சுவரில் துப்பாக்கி நீட்டுவதற்கென்று விட்ட துளைகள் தெரியும். ஆலைக்குத் துப்பாக்கித் துளை! பக்கத்திலேயே 1790-களின் குதிரைலாட வடிவ அணைக்கட்டு. அந்தத் தண்ணீர் ஒலிக்கு நான் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்ட்ரட் ஆலையின் அபராதப் பதிவேடு ஒன்று தப்பி வந்திருக்கிறது. ஜன்னல் வழியாகச் சிப்பாய்களைக் கூப்பிட்டதற்கு அபராதம். கோணல் முகம் காட்டி இன்னொரு தொழிலாளியைப் பயமுறுத்தியதற்கு அபராதம். ஒருவர் முதுகில் ஒருவர் சவாரி செய்ததற்கு அபராதம். படித்தால் முதலில் சிரிப்பு வரும். பிறகு இவர்கள் என்ன வயதில் இருந்திருப்பார்கள் என்று தோன்றும்.

இந்த ஊரிலிருந்துதான் ஸ்ட்ரட்டிடம் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர் 1789-இல் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். நூற்பு இயந்திர ரகசியத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது குற்றம் என்பதால் ஒரு வரைபடமும் எடுக்காமல் எல்லாவற்றையும் தலைக்குள் ஏற்றிக்கொண்டு கப்பலேறினார். அடுத்த வருஷம் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாடக்கெட் என்ற இடத்தில் ஆலை ஓடியது. அமெரிக்காவில் அவர் தொழில் தந்தை. பெல்பரில் ‘துரோகி ஸ்லேட்டர்’.

இதற்கு ஜோடியாக டார்பியில் ஒரு கதை காத்திருக்கிறது. மில்ஃபோர்டு, டஃபீல்டு, டார்லி அபி வழியாக நகரத்துக்குள் நுழைந்தால் ஆற்றோரம் சில்க் மில். ஜான் லோம்ப் என்ற இளைஞர் இத்தாலியின் பீட்மான்ட் பகுதிக்குப் போய், பட்டு முறுக்கும் இயந்திரத்தைக் கள்ளத்தனமாகப் பார்த்துப் படம் எழுதிக்கொண்டு வந்து, அண்ணன் தாமஸோடு சேர்ந்து இங்கே ஆலை கட்டினார். முடிந்தது 1721. ஆம், நம் துணிக்குத் தடை வந்த அதே வருஷம். மறு வருஷமே ஜான் செத்துப்போனார்; இத்தாலிக்காரர்கள் ஆள் அனுப்பி விஷம் வைத்தார்கள் என்று ஊருக்குள் பேச்சு. அந்த இடத்தில் 2021 முதல் மியூசியம் ஆஃப் மேக்கிங் இருக்கிறது, அனுமதி இலவசம். நகர அருங்காட்சியகத்தில் ஜோசஃப் ரைட்டின் ஓவியங்களையும் பாருங்கள். கிராம்ஃபோர்டு ஆலைகளை நடு இரவில், எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிய எழுதியவர் அவர்தான். இரவு ஷிப்டுக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். டார்பியில் நார்மன்டன் ரோடு பக்கம் போனால் நம் ஊர் மளிகையும் சூடான சாப்பாடும் கிடைக்கும். ஐந்து நாள் சாண்ட்விச்சுக்குப் பிறகு அது சின்ன விஷயமில்லை.

நடைமுறைக்கு வருவோம். டார்பியிலிருந்து மேட்லாக் வரை கிளை ரயில் இந்தப் பாதையோடு ஒட்டியே ஓடுகிறது: டஃபீல்டு, பெல்பர், ஆம்பர்கேட், வாட்ஸ்டாண்ட்வெல், கிராம்ஃபோர்டு, மேட்லாக் பாத். அதனால் கடைசி மூன்று நாளும் பெல்பரிலோ டார்பியிலோ ஒரே அறையில் பெட்டியைப் போட்டுவிட்டுக் கைவீசி நடக்கலாம். அப்பாவுக்கு முடியாத நாளில் அடுத்த ஸ்டேஷனில் ஏற்றிவிடலாம். மேலே பாம்ஃபோர்டு, ஹேதர்சேஜ், கிரிண்டில்ஃபோர்டு மூன்றுக்கும் ஷெஃபீல்டு ரயில் உண்டு. கிரிண்டில்ஃபோர்டிலிருந்து மேட்லாக் வரை வழக்கமான ரயில் இல்லை, பஸ்தான், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஏற்றம் இல்லை’ என்றால் மலை ஏற வேண்டாம் என்றுதான் அர்த்தம். வேலி தாண்டும் கட்டைப்படிகள் ஏராளம், மழைக்குப் பின் சேறு கணுக்கால் வரை வரும். ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மேயில் கன்றோடு மாடுகள் மேயும், நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். டெர்வென்ட் சாதுவாகத் தெரியும், ஆனால் 2023 அக்டோபரில் பேபட் புயலின்போது டார்பிக்குள்ளேயே புகுந்துவிட்டது. கிளம்புமுன் வெள்ள எச்சரிக்கையையும், பாலம், பாதை மூடல் அறிவிப்பையும் பாருங்கள்.

கடைசி நாள் சுமாரானது, மறைக்க மாட்டேன். டார்பியின் கிழக்குப் புறநகர், சாலை இரைச்சல், தட்டை வயல். முடிவிலும் பலகை, வளைவு என்று எதுவும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இடப்பக்கமிருந்து டெர்வென்ட் வந்து ட்ரென்டில் விழும். அதே இடத்தில் 1777-இல் முடிந்த ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாயும் வாய் திறக்கும். சற்று உள்ளே அதன் முதல் மதகுப் பூட்டு, அதாவது நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டி. அந்தக் கதவைத் தள்ளித் திறக்கும் மரக்கை மேல் உட்கார்ந்து மிச்ச பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, கால்வாய்க் கரையோடு ஷார்ட்லோவுக்கு நடங்கள். பழைய சரக்குக் கிடங்குகள் வரிசையாக வரும், படகு உள்ளே நுழைவதற்கென்று வளைவு விட்டுக் கட்டியவை. அதைப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக்கு வந்தால் டார்பிக்குப் பஸ்.